நாற்பத்து மூன்று படங்களும் ஒரு வேகமான கம்ப்யூட்டரும்

போன திங்கட்கிழமை வரை என் வீட்டுக் கம்ப்யூட்டர் கண் விழிக்கப் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. உத்தேசமாகச் சொல்லவில்லை. ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தது. பட்டனை அமுக்கினால் ஒரு முனகல். பிறகு கறுப்புத் திரை. பிறகு நீலம். பிறகு ஒரு வட்டம் சுற்றும்... சுற்றும்... சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் நான் பல் தேய்த்து, மாத்திரை நான்கையும் விழுங்கி, பேப்பரில் மூன்று பக்கம் முடித்துவிடுவேன்.

வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. எனக்கு எழுபத்தொன்று. யார் முதலில் நிற்பது என்று எங்கள் இருவருக்கும் ஒரு போட்டி.

"அதத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்களேன்" என்பாள் என் மனைவி வசந்தா.

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுதா? தவழுதுங்க."

வாரா வாரம் இந்தப் பத்தியை நான் அதில்தான் தட்டி அனுப்புகிறேன். ஒரு எழுத்தை அடித்து, அது திரைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த வாக்கியம் மறந்து போகிறது. எங்கள் ஆசிரியர் பொறுமைசாலி. நான் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு ஒரு முடிவோடு உட்கார்ந்தேன்.

பழைய வாசகர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலைகளில் இருந்தவன். கடைசிப் பதினான்கு வருடம் இருங்காட்டுக்கோட்டையில், காருக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், 'ஃபைவ் எஸ்' பொறுப்பாளர். ஷெட்டில் எது எங்கே இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது என்று சொல்கிற வேலை. கையில் எப்போதும் ஒரு கட்டு சிவப்பு அட்டை. ஒரு வருடமாக யாரும் தொடாத சாமான் எதுவானாலும் — ஸ்பேனரோ, அலமாரியோ, ஆளுயர மோட்டாரோ — ஓர் அட்டையைக் கட்டிவிடுவேன். தேதி, இடம், என் கையெழுத்து. முப்பது நாள் அது மஞ்சள் கோட்டுக்குள் கிடக்கும். 'இது எங்களுது' என்று யாராவது வந்தால் கொடுத்துவிடுவோம். வராவிட்டால் ஸ்க்ராப் யார்டு. நான் வருவதைப் பார்த்தாலே ஆட்கள் டிஃபன் பாக்ஸை ஒளித்து வைப்பார்கள்.

கம்ப்யூட்டரும் ஒரு ஷெட்தானே? அப்படித்தான் நினைத்தேன்.

போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் எழுந்ததுமே தானாக ஓட ஆரம்பிக்கிற புரோகிராம்கள் பதினேழு. எனக்குத் தெரிந்தவை நான்கு. மீதிப் பதின்மூன்றையும் நிறுத்தினேன். நான்கு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன பிரின்டரை ஒரு சாஃப்ட்வேர் இன்னும் தினமும் தேடிக்கொண்டிருந்தது. அதை நீக்கினேன். மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் தூசி தட்டினேன். உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடுகள்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு நிரம்பியிருந்தது. ஃபோல்டர்களைத் தேதிப்படி வரிசைப்படுத்தினேன். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் தொடாதவை எழுபத்தெட்டு. மகள் கல்யாண வீடியோவையும் காசிப் பயணத்தையும் வசந்தாவுக்குப் பயந்து வைத்துக்கொண்டேன். மீதி எழுபத்தாறு. முப்பது நாள் எதற்கு? இந்த மெஷினுக்கு நான் ஒருவன்தானே ஆபரேட்டர்? யார் வந்து உரிமை கேட்கப் போகிறார்கள்? நேராக ஸ்க்ராப்.

அதோடு விட்டேனா? சுத்தம் செய்கிற சாஃப்ட்வேரில் ஒரு கட்டம் இருந்தது. காலியான இடத்தை முழுக்கத் துடைத்து வைக்கட்டுமா என்று கேட்டது. தரையைப் பெருக்கினால் போதுமா, துடைக்க வேண்டாமா? டிக் அடித்தேன். காலை பத்தரைக்கு ஆரம்பித்து மாலை மூன்றே முக்காலுக்கு முடித்தது.

மறுபடி ஆன் செய்தேன். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி!

வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பரவால்லையே" என்றாள். நாற்பத்தாறு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்பது ஏழாவது முறையோ எட்டாவது முறையோ.

இந்த வாரம் அதைத்தான் எழுதுவதாக இருந்தேன். பழைய கம்ப்யூட்டரை வேகப்படுத்த எட்டு வழிகள். தலைப்புகூடப் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் ஆரோக்கியம் வந்தார்.

எங்கள் தெருக்கோடியில் குடியிருப்பவர். முப்பத்தாறு வயது. வல்லக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தார். போன வருடம், தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் மெஷினில் வலது கை மாட்டி மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். காண்ட்ராக்டர் லேபர் ஆபீசில் எழுதிக் கொடுத்தது இது: 'இவர் தரை பெருக்குகிற ஆள். இவரை மெஷினில் யாரும் நிறுத்தவில்லை. விளையாட்டாகக் கை வைத்துக்கொண்டார்.'

வழக்கே இவ்வளவுதான். ஆரோக்கியம் மெஷினில் நின்றாரா, துடைப்பத்தோடு நின்றாரா? மெஷினில் நின்றார் என்றால் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் விரல் போனது அவர் குற்றம்.

அதற்கு இருந்தது ஒரே ஓர் ஆதாரம். யார் எந்த மெஷின் என்ற மறுநாள் பட்டியலை சூப்பர்வைசர் தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் படமாகப் போடுவார். விபத்து நடந்த மறுநாளே குரூப்பைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் படங்கள் ஆரோக்கியத்தின் போனில் இறங்கியிருந்தன. அந்தப் போனும் பழசு. திரையில் பாதி கறுத்துவிட்டது. போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் எடுத்து வந்தார்.

"இது எப்ப உயிர வுடும்னே தெரில சார். உங்க கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சிகினா..."

"தாராளமா போடுங்க. பேங்க் லாக்கர் மாதிரி" என்றேன்.

இடது கையால் கேபிளைச் செருகினார். கம்ப்யூட்டர் போனை அடையாளம் கண்டு, காப்பி ஆகி முடிய இருபத்தாறு நிமிடம். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். "நாப்பத்து மூணும் வந்தாச்சு" என்று நானேதான் சொன்னேன். ஃபோல்டருக்குப் பெயர்? கம்ப்யூட்டர் தானாகவே 'நியூ ஃபோல்டர் 3' என்று வைத்துக்கொண்டது. அப்புறம் மாற்றலாம் என்று எழுந்துவிட்டேன். ஸ்க்ரூ டப்பாவுக்குக்கூடப் பெயர் ஒட்டிச் சம்பளம் வாங்கியவன் நான்!

அது நடந்து நானூற்றுப் பத்து நாள். அந்தப் போன் அடுத்த மாதமே செத்துப்போனது.

"வர்ற புதன்கிழம ஹியரிங் சார். வக்கீலம்மா அந்தப் படத்தல்லாம் பிரின்ட் எடுத்தாரச் சொன்னாங்க" என்று வியாழக்கிழமை பென் டிரைவை நீட்டினார் ஆரோக்கியம்.

"உக்காருங்க. இப்ப பாருங்க வேகத்த" என்றேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

திரை வந்தது. "அட, இன்னா சார் இது, ராக்கெட்டு கணக்கா கீது!" என்று சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

இருந்தாலும் தேடினேன். எல்லா ஃபோல்டரையும் திறந்தேன். குப்பைத் தொட்டியைத் திறந்தேன். அதைச் செவ்வாய்க்கிழமையே நான்தான் காலி செய்திருந்தேன். கல்யாண வீடியோவுக்குள்கூடப் போய்ப் பார்த்தேன். டீ எடுத்து வந்த வசந்தா என் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள்.

"இன்னொரு வாட்டி பாருங்க சார். எங்கியாச்சும் ஓரமா கெடக்கும்" என்றார் ஆரோக்கியம்.

"க்ளீன் பண்ணேன் ஆரோக்கியம்... செவ்வாக்கிழமை."

"அழிச்சிட்டீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"என்துத மட்டுமா சார்?"

"இல்ல. மொத்தம் எழுபத்தாறு ஃபோல்டர்."

எழுபத்தாறு என்று ஏன் சொன்னேன்? அவருக்கு வேண்டியது ஒன்று. அவர் திரையைப் பார்த்தார், பென் டிரைவைப் பார்த்தார், அதைச் சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டார். டீயைத் தொடவில்லை.

"பேங்க் லாக்கர்னு சொன்னீங்களேங்க" என்றாள் வசந்தா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நானும் ஆரோக்கியமும் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து, சிங்கப்பெருமாள் கோவிலில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பாஸ்கரிடம் எடுத்துப் போனோம். இருபது வருடமாக இதே தொழில். எனக்குப் பழக்கம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டினார். மூன்று மணி நேரம் இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். ஆரோக்கியம் மடியில் வலது கையை வைத்து இடது கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"டெலிட் பண்ணது ஒரு மேட்டரே இல்ல சார்" என்றார் பாஸ்கர். "எத்தினியோ பேருக்கு எடுத்துக் குடுத்துகிறேன். நீங்க அழிச்ச எடத்த தொடச்சி வேற வெச்சிகிறீங்களே! அஞ்சு மணி நேரம்! ஒரு பொடி கூட இல்ல."

"ஒண்ணு கூட வராதா?"

"வராது சார். இவ்ளோ சுத்தமா யாருமே பண்ண மாட்டாங்க."

என் உத்தியோக காலத்தில் இந்தப் பாராட்டுக்காக ஏங்கியிருக்கிறேன்.

"ஆனா பாஸ்கர், அதெல்லாம் அழிச்சதாலதானே இவ்வளவு வேகம் வந்துச்சு?" என்று கேட்டேன். ஏதாவது ஒரு நியாயம் கிடைக்காதா என்ற நப்பாசை.

"யாரு சொன்னா? ஸ்டார்ட்டிங்ல பதிமூணு புரோகிராம நிறுத்துனீங்கள்ல, அதான் வேகம். நாப்பத்து மூணு போட்டோவ வுட்டு வெச்சிருந்தா ஒரு செகண்டு கூட ஏறியிருக்காது. இந்த டிஸ்க்க மாத்தி எஸ்எஸ்டின்னு புது டைப்பு டிஸ்க்கு போட்டிருந்தா இன்னும் பறந்திருக்கும். ஒரு ஃபைல கூட தொட வேணாம்."

ஆரோக்கியம் என் பக்கம் திரும்பவில்லை. வெளியே போய் நின்றுகொண்டார்.

ஒரு வருடம் யாரும் திறக்காத பொருள் குப்பை என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன். ஊர் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுப் பத்திரத்தை நாம் தினமும் திறந்தா பார்க்கிறோம்? ஆபத்துக்கு வேண்டியதெல்லாம் ஆபத்து வரும்வரை தொடாமல்தானே கிடக்கும்? அந்த முப்பது நாள் காத்திருப்பு சாமானுக்காக வைத்த சடங்கு இல்லை. சாமானுக்கு உரியவன் லீவிலிருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து, திரும்பி வருவதற்காக வைத்த அவகாசம். அதை வகுப்பெடுத்த எனக்கே என் வீட்டில் அது வீண் வேலையாகத் தெரிந்தது.

சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் வக்கீலம்மாவைப் பார்க்கப் போனோம். ஒரு யோசனையோடுதான் போனேன். படங்கள் போனால் என்ன? பார்த்தவன் நான் இருக்கிறேனே? சாட்சி சொல்கிறேன்!

அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். "எத்தனை படம் சார்?"

"நாற்பத்து மூணு."

"நல்லது. ஆரோக்கியம் பேருக்கு நேரா என்ன மெஷின்னு போட்டிருந்துச்சு?"

நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன்.

"அவரப் பாக்காதீங்க சார். நீங்க பாத்தத சொல்லுங்க. பட்டியல் தமிழ்ல இருந்துச்சா, இங்கிலீஷ்லயா? அனுப்பினவர் பேர் இருந்துச்சா? தேதி?"

நாற்பத்து மூன்று சின்னச் சின்னச் சதுரங்கள் எனக்கு ஞாபகம் இருந்தன. ஒன்றைக்கூட நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

"எண்ணினேம்மா... படிக்கல."

'நாலாம் நம்பர் பிரஸ்' என்று சொல்லியிருக்கலாம். வழியில் ஆரோக்கியமே சொல்லியிருந்தார். நாக்கு நுனிவரை வந்தது. வக்கீலம்மா அதற்கு முன்னால் பேனாவை மூடிவிட்டார்.

"அவங்க வக்கீலோட முதல் கேள்வியே இதுவாத்தான் இருக்கும். உங்கள நிறுத்தினா நமக்குத்தான் கெடுதல் சார். கூட வேலை செஞ்சவங்க யாராவது வருவாங்களா ஆரோக்கியம்?"

"பதினெட்டு பேரும்மா. ஆறு பேரு ஊருக்கே பூட்டாங்க. மிச்சம் பேரு போன எடுக்க மாட்றாங்க. வந்து சொன்னா அவங்க வேல பூடும்ல? நானா இருந்தாலும் எடுக்க மாட்டேன்."

"புதன்கிழமை டைம் கேட்டுப் பாக்கறேன்" என்றார் அவர்.

ஷேர் ஆட்டோவுக்கு வெயிலில் நின்றோம். மூன்று ஆட்டோ நிரம்பிப் போயின. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆரோக்கியம் முந்திக்கொண்டார்.

"பேப்பர்ல வாரா வாரம் எழுதுறீங்கள்ல?"

"ஆமா."

"இத எழுதுங்க. நா பிரஸ்லதான் நின்னேன்னு எழுதுங்க. பேரப் போட்டு எழுதுங்க."

"எழுதினா அங்க அது செல்லாதே ஆரோக்கியம்."

"செல்லாட்டி போவுது. எங்க ஊர்ல படிப்பாங்கல்ல? வெளையாட்டுக்கு கைய வுட்டான், குடிச்சிட்டு வுட்டான்னு சொல்லிகினு கீறானுங்க. எம் பொண்ணாண்ட ஸ்கூல்ல கேக்குதுங்க. எழுதுவீங்களா, மாட்டீங்களா?"

எழுதுகிறேன். ஆரோக்கியம் துடைப்பம் பிடிக்கவில்லை. குடித்திருக்கவில்லை. விளையாடவில்லை. சொன்ன மெஷினில், சொன்ன ஷிஃப்ட்டில் நின்றார். அதற்கு நாற்பத்து மூன்று நாள் ஆதாரம் என் வீட்டில் இருந்தது. அதை அழித்தது நான்.

புதன்கிழமை ஹியரிங்கில் இந்தப் பக்கத்தை யாரும் கையில் வாங்கக்கூட மாட்டார்கள்.