பள்ளிக்கூடத்துக்குச் சொன்ன பிறந்தநாள்

குழந்தைகளின் பிறந்தநாள் விருந்துக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், ஒரு சீப்பு வாழைப்பழம் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் ஆயுளில் நான் முதன்முதலாகக் கொடுத்த பிறந்தநாள் பரிசு அதுதான். அன்றைக்கு வேறு எந்தப் பரிசுக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

யுத்தம் முடிந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். அப்பா ஹைகோர்ட்டில் குமாஸ்தா. எனக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஜூன் மாதம் சாந்தோமில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் நேராக நாலாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாலாம் வகுப்பில் சேர ஒன்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு எட்டுகூட முடியவில்லை. அப்பா கொஞ்சமும் தயங்காமல் விண்ணப்பத்தில் ஜூலை ஒன்றாம் தேதி என்று எழுதி, ஒரு வருஷத்தையும் சொச்சத்தையும் தாராளமாகக் கூட்டிப் போட்டார். கோர்ட்டில் நாள் முழுவதும் சத்தியப் பிரமாணங்களை நகல் எடுக்கிறவர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் என்னை உட்கார வைத்து உருப்போட வைத்தார். யார் கேட்டாலும் ஜூலை ஒண்ணு என்று சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் கீழ் வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்றார். எங்கள் வீட்டில் ஆடி, ஆவணி என்றுதான் நாட்கள் நடக்கும். இங்கிலீஷ் தேதி எல்லாம் அப்பாவின் ஆபீசோடு சரி. அதனால் ஜூலை ஒன்று என்பது எனக்கு ஒரு நாளாகவே தோன்றவில்லை. கேள்வி கேட்டால் சொல்ல வேண்டிய பதில், அவ்வளவுதான். வாய்ப்பாடு எனக்கு நன்றாக வரும். இதுவும் நன்றாக வந்தது.

கீழ் வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்பதற்கு முதலில் நான் பெரிதாகப் பயப்படவில்லை. இரண்டாம் நாள்தான் பயம் வந்தது. மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்தான் அதற்குக் காரணம். சாந்தோம்காரி, மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. முப்பாட்டன் காலத்திலிருந்தே அவர்கள் வேதக்காரர்கள். அவளுடைய அம்மாதான் எங்கள் வகுப்பு டீச்சர். டீச்சர் பெண் என்ற தோரணை அவளிடம் துளியும் கிடையாது. நான் ஸ்லேட்டில் எச்சில் தொட்டு அழித்ததைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய ஈரத்துணியைப் பாதி கிழித்து என்னிடம் கொடுத்தாள். எனக்கு அக்கா தங்கை கிடையாது. இந்த பெஞ்சிலிருந்து என்னை யாரும் எழுப்பக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன்.

அந்த ஜூன் மூன்றாவது வாரத்தில் அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னாள். எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் எண்ணெய் ஸ்நானம், புதுப் பாவாடை, கோயிலில் அர்ச்சனை, பாயசம், பெரியவர்களுக்கு நமஸ்காரம். அதோடு முடிந்தது. ஊரைக் கூப்பிட்டால் கண் பட்டுவிடும் என்பது அம்மாவின் கட்சி. பிறந்தநாள் குழந்தைக்கு இன்னொரு குழந்தை பரிசு கொடுக்கும் என்று அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் குழந்தை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சீப்பு பூவன் பழமும் நாலு முழம் கதம்பமும் கொடுத்து அனுப்பினாள்.

அங்கே போனால் மேஜை நிறைய ரிப்பன் கட்டிய பொட்டலங்கள். ஒரு பக்கம் கொழும்பிலிருந்து அவளுடைய மாமா அனுப்பிய கலர் பென்சில் டப்பா, தகர மூடியில் மலையும் ஏரியும் வரைந்தது. அந்த நாளில் கடையில் அப்படி ஒன்று காசு கொடுத்தாலும் கிடைக்காது. நான் பொட்டலங்களை இரண்டு கையாலும் நகர்த்தி இடம் பண்ணி, நடு மேஜையில் வாழைப்பழத்தை வைத்தேன். இரண்டு மூன்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெட்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் குறைவு. எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். பரிசை எல்லோர் முன்னிலையிலும் பிரித்து, கொடுத்தவர் பேரைச் சொல்லி, நன்றி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கொடுத்தவர் எதிரில் பிரித்தால் அலைகிறான் என்பார்கள். என் சிநேகிதி மற்றப் பொட்டலங்களைத் தொடவில்லை. முதலில் என் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, அங்கேயே நின்று தின்றுவிட்டு, என் பேரைச் சொல்லித் தேங்க்ஸ் என்றாள். சிரித்தவர்களும் ஆளுக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கேக்கில் முட்டை இருக்கிறது, வேண்டாம் என்று டீச்சரே சொல்லி எனக்கு முறுக்கு கொடுத்தார்.

அப்போதுதான் என் பிறந்தநாள் எப்போது என்று அவள் கேட்டாள். டீச்சர் கேக் வெட்டுகிற கத்தியோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் மூச்சு விடாமல் ஜூலை ஒண்ணு என்றேன். எவ்வளவு சரளமாகச் சொல்லிவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சொன்னதையே மறந்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் அம்மா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அரிசியைவிடக் கல் சுலபமாகக் கிடைத்த காலம். நான் கிழிந்த பாவாடையும் அவிழ்ந்த பின்னலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விளக்குப் போடவில்லை. வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. ரிக்‌ஷாக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, "பொறந்த நாள் வூடுன்னு சொன்னீங்களேம்மா, இன்னா இருட்டாக் கீது?" என்று யாரிடமோ கேட்டான்.

வெள்ளைக் கவுனும் நீல ரிப்பனுமாக என் சிநேகிதி இறங்கினாள். கையில் பொட்டலம். பின்னாலேயே டீச்சர்.

அதுவரை பதிலாக மட்டும் இருந்த ஜூலை ஒன்று ரிக்‌ஷா ஏறி வீட்டுக்கே வந்துவிட்டது. டீச்சருக்கு உண்மை தெரிந்தால் நாளைக்கே மூன்றாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சில் வேறு யாரோ. அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா உருப்போட வைத்தபோது அவளும் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். "வாங்கோ, வாங்கோ" என்று முறத்தைச் சுவர் ஓரம் தள்ளினாள். விளக்கைப் போட்டாள், பாயை விரித்தாள், என் முழங்கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்ட அவகாசம் இல்லை. என் தலையை இரண்டு இழுப்பில் வாரி, பெட்டியிலிருந்து பட்டுப் பாவாடையை எடுத்துக் கட்டிவிட்டாள். சர்க்கரை டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு ஸ்பூன்தான் தேறும். உடனே அவலை நனைத்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, தேங்காய் துருவத் தொடங்கினாள். துருவிக்கொண்டே, "நான் வாயைத் திறந்து பொய் சொல்ல மாட்டேன், கேட்டியா? அது உங்கப்பா சமாசாரம்" என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். டீச்சர் பேச்சுவாக்கில் எத்தனை வயசு முடியுது என்று கேட்டபோது, அதெல்லாம் அவ அப்பாவுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் அவல் பரிமாறினாள். பிறந்தநாள் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. குழந்தைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கையைச் சுற்றித் திருஷ்டி கழித்தாள்.

என் சிநேகிதி பொட்டலத்தை என் மடியில் வைத்துப் பிரிக்கச் சொன்னாள். எனக்கும் கை பரபரத்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படியே பிரித்தேன். மலையும் ஏரியும் வரைந்த தகர மூடி. கொழும்பு மாமா அனுப்பிய அதே பென்சில்கள். மூடியைத் திறந்தேன். ஒரு பென்சில்கூடச் சீவப்படவில்லை. ஏன் இதைப் போய்க் கொடுக்கிறாய் என்று கேட்டேன். கையில் இருப்பதிலேயே நல்லதைத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுக்கவே கூடாது என்று அவர்கள் வீட்டில் சொல்வார்களாம். அவளிடம் இருந்ததிலேயே நல்லது இதுதானாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவலில் தேங்காயைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆசையும் அவமானமும் ஒன்றாக வந்தன. அந்தப் பென்சில்கள் எனக்கு வேண்டும். அவ்வளவு வேண்டும். மூடியை மூடவும் மனசு வரவில்லை, சிவப்பைத் தொடவும் கை வரவில்லை.

அப்போது அப்பா குடையும் தோள் துண்டுமாக உள்ளே நுழைந்தார். விருந்தாளிகளைப் பார்த்து முகம் மலர்ந்தது. என் பட்டுப் பாவாடையைப் பார்த்து, என்ன விசேஷம் என்றார். என் சிநேகிதி எழுந்து நின்று, "இன்னிக்கு இவளுக்குப் பிறந்தநாள்" என்றாள்.

"இன்னிக்கா? அது ஐப்பசியிலன்னா வரும்" என்றார் அப்பா.

பொய்யை எழுதியது அவர், உருப்போட வைத்தது அவர். போட்டு உடைத்ததும் அவரேதான். அம்மா காபியோடு அடுக்களை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பாவுக்கு அப்போதுதான் வந்திருப்பது யார் என்று உறைத்தது. நட்சத்திரப்படி ஒன்று, தேதிப்படி ஒன்று, பஞ்சாங்கத்தில் அப்படித்தான் முன்னே பின்னே வரும் என்று என்னவோ ஆரம்பித்தார். ஜூலைக்கும் ஐப்பசிக்கும் பாலம் போட எந்தப் பஞ்சாங்கத்தாலும் முடியாது. இருந்தாலும் என் பக்கம் பார்த்தார். அப்பா மறந்துட்டா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

ஆனால் என் சிநேகிதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தேகம்கூட வரவில்லை. நான் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன். "இன்னிக்கு இல்லை டீச்சர். நாலாம் கிளாஸ்ல சேர்றதுக்காக அப்பா எழுதின தேதி அது. எனக்கு ஐப்பசியிலதான் எட்டே முடியப்போறது" என்றேன். டப்பாவை மூடி அவளிடம் நீட்டினேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படிக் குனிந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று பிறகு எத்தனையோ தடவை வருத்தப்பட்டிருக்கிறேன். ஆனால் மறுபடி அப்படி ஒரு சாயங்காலம் வந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

டீச்சர் அம்மாவின் கையிலிருந்து காபியை வாங்கி, டவராவில் ஊற்றி, நிதானமாக ஆற்றினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எங்க கிளாஸ்ல ஜூலை ஒண்ணாம் தேதி மட்டும் பதினோரு பிள்ளைங்க பொறந்திருக்காங்க சார். எல்லாரையும் கீழ அனுப்பிட்டா நான் காலி பெஞ்சுக்குத்தான் பாடம் எடுக்கணும்" என்றார். விருந்துக்கு வந்த இடத்தில் கேட்டதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் தனக்கு இல்லை என்றும் சொன்னார். அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு அப்பாவும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

என் சிநேகிதி சிரிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். நான் நீட்டிய டப்பா இன்னும் என் கையிலேயே இருந்தது. பெஞ்சு தப்பித்தது, ஆள் போய்விட்டாள் என்று நினைத்தேன். இனி என்னோடு பேச மாட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"நீ பொறந்தது நெஜந்தானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப வெச்சுக்க" என்று டப்பாவை என் பக்கமே தள்ளிவிட்டு, மிச்சம் இருந்த அவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் டப்பாவைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். பட்டுப் பாவாடையில் கண்ணீர் பட்டால் கறை போகாது என்று அம்மா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் முகத்தைக் கழுவிவிட்டாள்.