வள்ளித்தாயின் மகளுக்கு எத்தனை வயது

வள்ளித்தாயைப் பொய்க்காரி என்று ஊரில் முதலில் சொன்னவள் நான்தான். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். ஆனால் ஆரம்பித்து வைத்த புண்ணியம் என்னுடையது.

1961 ஜூன் மாதம். ஆமத்தூருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பெயர் ஜெபராணி. பிள்ளைகளைச் சேர்க்கும் வாரம் வந்தால் எனக்குத் தலை கிறுகிறுக்கும். யாரிடமும் பிறந்த தேதிக்குச் சீட்டு கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். விரல் பட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. தேதிக்கு எங்கே போவது? ஜூன் முதல் தேதி என்று போட்டுவிடுவோம். எங்கள் ரிஜிஸ்தரைப் பார்க்கிறவர்கள், இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் வேறு எந்த நாளிலும் பிள்ளை பெறுவதில்லை என்றுதான் நினைப்பார்கள்.

வள்ளித்தாய் கமுதிப் பக்கத்துக்காரி. மழை பொய்த்து, புருஷனும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்காகக் கைப்பிள்ளையோடு இங்கே வந்தவள். சொந்தம் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. அன்று மகள் சோலையம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளை நல்ல உயரம். பெரிய தலை, மேடான நெற்றி, நீள நீளமான கை. நானே கையைப் பிடித்துத் தலைக்கு மேல் வளைத்தேன். விரல் காதையும் தாண்டிக் கன்னத்துக்கு வந்தது.

“ஆறு வயசு” என்றேன்.

“இல்லைங்க டீச்சர். புதுப்பைசா வந்த வருசம் ஆடியில பெறந்தவ. இந்த ஆடி வந்தாத்தான் நாலு. வீட்டுல விட்டுட்டுப் போக ஆளில்ல. ஓரமா உக்கார வச்சுக்கோங்கன்னு கேக்கத்தான் வந்தேன்.”

“நாலு வயசுப் பிள்ளையா இது? யாருகிட்ட கதை விடுற?” என்று கேட்டுவிட்டு 1-6-1955 என்று எழுதினேன். வரிசையில் நின்ற பெண்களிடம், “பொய்யைக்கூட பொருந்தச் சொல்லத் தெரியல பாருங்க” என்று வேறு சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று வாய் கொஞ்சம் நீளம்.

சோலை மூன்று வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே கிடந்தாள். பேச்சு வரவில்லை. இரண்டு வார்த்தை சேர்ந்து வந்தால் அதிசயம். நடந்தால் தடுக்கி விழுவாள், உட்கார்ந்த இடத்தை நனைத்துவிடுவாள். நாலு வயதுப் பிள்ளை, அதிலும் கொஞ்சம் மெதுவான பிள்ளை, செய்வதைத்தான் அவள் செய்தாள். நானோ ஆறு வயதுக்காரி திமிரில் செய்வதாக நினைத்து அடித்தேன். “ஏட்டி, மாடு மாதிரி வளந்திருக்கியே, வெக்கமா இல்ல?” என்று பெஞ்சில் ஏற்றி நிறுத்தினேன். அடித்து முடித்ததும் அழுதுகொண்டே வந்து என் சேலையைத்தான் பிடித்துக்கொள்ளும் அந்தப் பிள்ளை.

வருஷத்துக்கு வருஷம் அவள் உடம்பு ஓடியது. ஏழு வயதில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மேல் தலை தெரிந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? பேய் என்றார்கள். தாய்க்காரி ஏதோ மருந்து கொடுத்து வளர்க்கிறாள் என்றார்கள். வள்ளித்தாய் மூன்று ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். பிள்ளையின் வயது இதுதான், இன்ன காரணத்தால் இப்படி வளர்கிறது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும்.

“அம்புட்டுப் பேரும் மந்தம்னு சொல்லுதாக டீச்சர். கொஞ்சம் மெதுவுதான், இல்லேங்கல. ஆனா அவ வயசுக்கு மேல உடம்பு போகுது. பெத்தவளுக்குத் தெரியாதா? மதுரைக்கு ஒரு நடை கூட வாங்க. டாக்டர்மாருகிட்ட எனக்குப் பேசத் தெரியாது.”

1964 ஆகஸ்டில் போனோம். டாக்டர் லட்சுமிகாந்தம் அவசரப்படுகிற ஆள் இல்லை. தலையை அளந்தார், சோலையின் கையை எக்ஸ்ரே எடுத்தார். “எலும்பைப் பாத்தா ஒன்பது, பத்து வயசு தெரியுது. நீங்க எத்தனைன்னீங்க?”

“ஏழுங்க சாமி.”

“பள்ளிக்கூடத்துல என்ன எழுதியிருக்கு?”

ரிஜிஸ்தர் நகல் என் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். காகிதத்திலும் ஒன்பது. எலும்பும் காகிதமும் ஒத்துப்போயின, தாய்தான் ஒத்துப்போகவில்லை. “வயசுக்கேத்த வளர்ச்சிதான். புத்திதான் மந்தம். செய்யறதுக்கு ஒண்ணுமில்ல” என்று சீட்டு எழுதினார்.

வள்ளித்தாய் என் முழங்கையைப் பிடித்தாள். “நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர். சேக்கும்போதே நாலுன்னு சொன்னேன்ல?”

அந்தத் தேதி நான் குத்துமதிப்பாகப் போட்டது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த மாதம்தான் பக்கத்து ஊர்ப் பள்ளியில், ரிஜிஸ்தரில் பொய் எழுதியதற்காக ஒரு வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். “எனக்கென்ன தெரியும் வள்ளித்தாயி, ரிக்கார்டுல உள்ளதுதானே” என்றேன். பாவி, வாய் கூசாமல் சொன்னேன்.

அந்தச் சீட்டு எங்கள் தலைமையாசிரியர் தேவாசீர்வாதம் கைக்குப் போனது. “டாக்டரே மந்தம்னு எழுதிட்டாரு. ஒன்பது வயசுப் பிள்ளையை ஒண்ணாம் வகுப்புல வச்சு என்ன பண்ண?” என்று பெயரை அடித்தார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நாளில் தாயும் மகளும் சிவகாசிப் பக்கம் போய்விட்டார்கள்.

ஒரு வருஷம் தாக்குப்பிடித்தேன். 1965 செப்டம்பரில் எங்கள் சர்ச்சில் ஒரு திருவிருந்து ஞாயிறு. பாதிரி ஐயர் அப்பத்தோடு எனக்கு நேரே வந்ததும் என்னால் கையை நீட்ட முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். மறுநாள் லீவு போட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

நான் சொல்லி முடித்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏழுதான்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேனேம்மா!” என்று சத்தம் போட்டார். பிறகு ஒரு வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். முந்தைய வருஷம் வந்தது. இதே மாதிரி ஐந்து பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். பெரிய தலை, நீளக் கைகால், கூரான மோவாய். எலும்பு வயதை முந்தி ஓடும், பேச்சு பிந்தி வரும். கருவிலேயே அமைவது, ஏன் என்று இன்னும் தெரியவில்லை. தாய் செய்த குற்றம் எதுவும் இல்லை. மருந்தும் இல்லை. ஆனால் வளர்கிற வேகம் போகப் போகத் தணியும், பிள்ளை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும்.

“உடம்பைப் பாத்து அந்தப் பிள்ளைகிட்ட எதிர்பார்க்காதீங்க. அடிக்கவே கூடாது. கூட்டிட்டு வாங்க, வயசைத் திருத்தச் சொல்லி நானே எழுதித் தர்றேன்.”

தேடிப் பிடித்தேன். சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வள்ளித்தாய் தனியாக உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். நான் எழுதியதுதான் பொய், நீ சொன்னது அத்தனையும் நிஜம் என்றேன்.

“எம்மேல குத்தமில்லைன்னு டாக்டர் சொன்னாரா?”

“சொன்னாரு.”

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அப்புறம்தான் கேட்டேன், சோலை எங்கே என்று.

“உள்ள. திரி வேலை.”

“அடிப்பாவி! எட்டு வயசுப் பிள்ளையை வெடிமருந்துக்குப் பக்கத்துலயா?”

“எங்கன விடச் சொல்லுதீக? வீட்டுல கயித்தால கட்டிப் போட்டேன் டீச்சர். அத்துக்கிட்டுக் கெணத்துப் பக்கம் போயிட்டா. பள்ளிக்கூடத்துல வேண்டாம்னுட்டாக. இங்கனன்னா எங் கண்ணு முன்னால இருக்கா.”

“நான் ரிஜிஸ்தரைத் திருத்தி மறுபடி சேக்குறேன்.”

“எம்புட்டு நாளாகும்?”

காகிதம் கல்வி ஆபீசுக்குப் போக வேண்டும். அங்கே முதலில் போவது என் வேலையாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு சோலையை யார் சேர்ப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து, நான் போட்ட சத்தம் கேட்டு மேஸ்திரி சண்முகவேல் வந்தார். இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு, பதினாலுக்குக் கீழே உள்ளவர்களையெல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டிருந்த சமயம். “யாருக்கு எட்டு வயசு? ஒம் மகளுக்கா?” என்று கேட்டார்.

“ஆமா, எட்டுதான்! டாக்டரே சொல்லிட்டாரு” என்றேன். ஒரு வருஷமாக வராத சத்தம் இப்போது வந்தது.

வள்ளித்தாய் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேஸ்திரியை நேராகப் பார்த்தாள்.

“டீச்சருக்கு ஆள் மாறிப்போச்சுங்க. எம் மகளுக்குப் பதினாலு முடிஞ்சிருச்சு.”

“அதானே, ஆளைப் பாத்தாலே தெரியுதே” என்று அவர் உள்ளே போனார். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தார்கள். வள்ளித்தாய் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள்.

“போயிட்டு வாங்க டீச்சர். நீங்க எழுதுன வயசு இங்க பத்தல. அதான் நான் கொஞ்சம் கூடப் போட்டேன்.”