தம்பியின் கம்பிக் கூண்டும் என் பக்கச் சக்கரங்களும்

என் தம்பி குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். வருஷம் முழுக்கப் பரவை மார்க்கெட்டில் காய்கறி லோடு. தை பிறந்தால் காளைகளை ஏற்றிக்கொண்டு அலங்காநல்லூர் பக்கம் போய்விடுவான். காளை மிரண்டு குதித்துவிடக் கூடாதென்று பின்பக்கப் பலகைகளுக்கு மேல் ஆள் உயரத்துக்கு இரும்புக் கூண்டு அடித்திருந்தான். நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனதால், பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பட்டறையில் சின்னச் சக்கரங்கள் பற்றவைத்திருந்தேன். அதே மார்க்கெட்டில், ஒரு கமிஷன் கடையில் பில் போடுகிறேன்.

இரண்டுமே கம்பெனி கொடுத்தபடி இல்லாமல் நாங்கள் மாற்றிக்கொண்ட வண்டிகள். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

பக்கச் சக்கரம் வைத்ததை ஆர்.சி.யில் ஏற்றாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும் என்று ஏஜென்ட் சொன்னதிலிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய ஆரம்பித்தேன். ஒருநாள் ஆள் இல்லை, ஒருநாள் சர்வர் இல்லை. கடைசியில் கவுன்டரில் இருந்தவர், மாற்றின வண்டியை ஆர்.சி.யில் ஏற்ற ரூல் இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டார். வண்டி வெளியே வெயிலில்தான் நின்றது. அவர் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருஷப் பொங்கலுக்கு முன்னால் கூண்டு அடித்த வண்டிகளை எல்லாம் ஆர்.டி.ஓ. ஆட்கள் பிடித்தார்கள். தம்பியின் வண்டியும் மாட்டியது. காளை வளர்ப்பவர்களும் தம்பி மாதிரி வண்டிக்காரர்களும் மறுநாள் காலையே காளைகளோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம், மதியமே எம்.எல்.ஏ. வந்தார். இந்தச் சட்டத்தையே மாற்றிக் காட்டுகிறேன் என்று மைக்கில் சொன்னார். பொழுது சாய்வதற்குள் வண்டிகள் எல்லாம் வெளியே வந்தன.

தம்பி கழுத்தில் துண்டும் மாலையுமாக வீட்டுக்கு வந்தான். அம்மா வாசலிலேயே நிறுத்தி அவனுக்குத் திருஷ்டி கழித்தாள். நான் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாதக் கணக்கில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாடிப்படி ஏறி இறங்கியவள் நான். அவன் அரைநாள் ரோட்டில் உட்கார்ந்தான், சட்டம் நகர்ந்துகொடுத்தது. வயிறு எரிந்தது.

என் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நீ ஒத்தையாப் போயி நின்னா எவன்க்கா கேப்பான்? எங்கூட வா, எம்.எல்.ஏ.கிட்ட நான் சொல்றேன்" என்றான்.

போகக் கூடாது என்றுதான் இருந்தது. போனேன். எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் எல்லாம் அவனை "வா மாப்ள" என்று தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனார்கள். என்னைப் பார்த்து, இவருடைய அக்காவா என்று கேட்டார்கள். நான் சொல்ல வந்ததில் பாதியைக் கேட்ட எம்.எல்.ஏ., உதவியாளரிடம் போன் போடச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எனக்கு நாற்காலி போட்டார்கள். இன்ஸ்பெக்டரே கீழே இறங்கிவந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மாற்றுத்திறனாளி ஓட்டுகிற வண்டியை மாற்றிக்கொள்ள ரூலிலேயே இடம் இருக்கிறது, பட்டறையில் பற்றவைத்த சக்கரத்தைத்தான் ஏற்க முடியாது, அனுமதி பெற்ற சக்கர செட் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தால் ஏற்றிக்கொடுக்கிறேன் என்றார். இத்தனை நாளும் இருந்த ரூல். ஒரு போன் வந்த பிறகுதான் என் காதுக்கு எட்டியது.

எனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது. கூண்டு வண்டிகளுக்குச் சட்டம் மாறிவிட்டதா என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரூல் டெல்லியில போட்டதும்மா. இங்கருந்து அழுத்தம் வந்தா கொஞ்ச நாளைக்கு ரோட்டுல நின்னு புடிக்க மாட்டோம். அம்புட்டுத்தான்."

இதைத் தம்பியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று ராத்திரியே சொன்னேன். அவன் சிரித்தான். எம்.எல்.ஏ. மைக்கிலேயே சொல்லிவிட்டார், அதற்கு மேல் என்ன வேண்டும் என்றான்.

புதுச் சக்கர செட்டை மாட்டி, ஆர்.சி. வாங்கி, அம்மா கையில் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தம்பி சொன்னதுனாலதான நடந்துச்சு" என்றாள். அதில் பொய் இல்லை. அதனால்தான் அந்த அட்டையைப் பல நாள் என்னால் சந்தோஷமாகப் பார்க்க முடியவில்லை.

தேர்தல் முடிந்தது. வெயில் ஏறிய பிறகு மறுபடியும் வண்டிகளைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். கூண்டை அறுத்துக் காட்டினால்தான் விடுவோம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டார்கள். எம்.எல்.ஏ. ஆபீஸுக்கு அவன் போட்ட போனை உதவியாளர் எடுத்து, பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். இந்தத் தடவை ரோட்டில் உட்கார யாரும் வரவில்லை. காளை ஏற்றுகிற மாதம் இல்லை அது.

திண்டுக்கல் ரோட்டுப் பட்டறையில் கூண்டை அறுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலை முடிந்ததும் நேராக அங்கே போனேன். அவன் ஒத்தையாக நிற்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தது. ஆனால் கூட்டாளிகள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் டீ வாங்கி வந்தான். அறுந்த துண்டு ஒவ்வொன்றும் தரையில் விழும்போது ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் படிகளில் எனக்காக ஒருத்தரும் இப்படி வந்து நின்றதில்லை.

தம்பி என்னைப் பார்த்துவிட்டு வந்தான். புதுச் சக்கரங்களைக் குனிந்து தட்டிப் பார்த்தான்.

"ஒன்னய இனிமே எவனும் கை காட்டி நிறுத்த முடியாதுல்லக்கா" என்றான்.

அந்தக் குரலில் எங்கேயாவது கொஞ்சம் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். துளிகூட இல்லை. மனசார சந்தோஷப்பட்டான். நான் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.