பால் பல் கொள்கை

பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகிற தெருவில், உரக்கடை மாடியில் ஒரு போர்டு தொங்குகிறது: 'அதியன் கொள்கை ஆய்வு மையம் - மாவட்டத்தின் முதல் திங்க் டேங்க்.' இரண்டாவது எதுவும் இதுவரை வராததால் யாரும் அதை மறுக்கவில்லை.

நிறுவனர் முனிராஜ். சென்னையில் அரசியல் படித்து, டெல்லியில் அடுத்தவர் பெயரில் அறிக்கைகள் எழுதி, இனித் தன் பெயரில் எழுதலாம் என்று ஊர் திரும்பியவர். நல்ல மனிதர்தான். ஆனால் தண்ணீர் என்று சொல்ல வராது, 'நீர் மேலாண்மை' என்பார். தன் வாக்கியம் ஒன்றாவது அரசாங்கத்தின் வாயில் வரவேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. கட்சி வித்தியாசம் பார்க்காமல் எல்லாருக்கும் அறிக்கை அனுப்பினார். அவர்களும் கட்சி வித்தியாசம் பார்க்காமல் பதில் போடாமல் இருந்தார்கள்.

ஊருக்கு 'திங்க்' புரியவில்லை, 'டேங்க்' புரிந்தது. எத்தனை லிட்டர் வரைக்கும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு மாடியேறினார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவதே மையத்தின் முக்கியப் பணியாக இருந்தது.

பூவிழி திரும்பிப் போகிற ஆள் இல்லை. அவளுடைய குக்கிராமமான மேட்டுக் கொட்டாயில் முப்பது வீடுகூடத் தேறாது. குடிப்பது போர்வெல் தண்ணீர், அதில் பல்லைக் கெடுக்கும் ஃபுளோரைடு. அவளுடைய பெரிய மகளுக்குப் பல்லெல்லாம் பழுப்பு. சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். சின்னவள் தேவிப்பிரியாவுக்கு இன்னும் பால் பல்.

"பெரியவளுக்குப் போச்சுங்க. சின்னவளுக்குப் புதுப் பல்லு ஈறுக்குள்ள இப்பவே ஆவுதாம், டாக்டரு சொன்னாரு. எங்க கொட்டாய்க்கு ஒரு டேங்க் குடுத்துருங்க. காவேரித் தண்ணிக் கொழா கீழ ரோட்டோடதான் போவுது."

"இது அந்த டேங்க் இல்லீங்கம்மா. இதுல யோசனைதான் இருக்கும்."

"யோசன எங்க வூட்லயே இருக்குதுங்க. தண்ணிதான் இல்ல."

எழுதிக்கொண்டிருந்த அறிக்கையை மூடிவைத்துவிட்டு, முனிராஜ் அவளோடு கிராம சபைக்குப் போனார். பூவிழி டேங்க் கேட்டாள். அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார்: "ஐம்பது வீடுகளுக்குக் குறைந்த குடியிருப்பில் தனித் தொட்டி அமைப்பது நிதி ஒழுங்குக்கும் நீர் ஒழுங்குக்கும் ஏற்றதன்று."

முனிராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'நிதி ஒழுங்குக்கும் நீர் ஒழுங்குக்கும்.' அந்த மோனைக்காக ஒரு சாயங்காலம் முழுவதும் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்திருந்தார். அவருடைய வாக்கியம்! சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். பூவிழியின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் இருந்தது. நுணல் தன் வாயால் தான் கெடும். முனிராஜ் தன் பேனாவால் அடுத்தவரைக் கெடுத்திருந்தார்.

எழுந்து, "அது தப்புங்க சார்" என்றார்.

"நிபுணர் அறிக்கைங்க இது. தப்புன்னு சொல்ல நீங்க யாரு?"

"அத எழுதுனவன் நான்தாங்க."

சபை சிரித்தது. "டேங்க்காரரு எழுதுனாராம்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மறுப்பு இருந்தால் தக்க நிபுணர் மூலம் எழுதித் தரும்படி அதிகாரி சொன்னார்.

திரும்பும் வழியில் பூவிழி கேட்டாள். "நெசமாவே நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாங்க."

பஸ் ஸ்டாப்பில் அவள் தலைப்பு முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணினாள். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள்.

முனிராஜை மறுத்து முனிராஜ் ஓர் அறிக்கை எழுதி அனுப்பினார். அது பரிசீலனையில் இருக்கிறது. மறுக்கப்படுகிற முனிராஜ் மதிப்புக்குரிய நிபுணர் என்பதால் தாமதமாகிறதாம்.

அதற்கெல்லாம் காத்திராமல், கிராம சபைக்கு மறுநாளே தன் மொபெட்டில் இரண்டு கேன் நல்ல தண்ணீர் கட்டிக்கொண்டு மேட்டுக் கொட்டாய்க்குப் போனார். அந்தக் கொட்டாயை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு கேன் எல்லாருக்கும் வராது. அதனால் அங்கேயே ஒரு கொள்கை வகுத்தார்: 'பால் பல் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்.' அவ்வளவு சின்னதாக அவர் எழுதியதே இல்லை. எல்லாருக்கும் புரிந்தது. அன்று காலையே அமலுக்கு வந்தது, அன்றிலிருந்து தினமும் நடக்கிறது.

போன மாதம் ஒரு காலை, தேவிப்பிரியா வாயைக் கையால் மூடிக்கொண்டு வரிசையில் நின்றாள். அக்காவைப் போலவே. முனிராஜ் கேனைக் கீழே வைத்துவிட்டு அவள் முன் குந்தினார்.

"கைய எடு, கண்ணு."

மாட்டேன் என்று தலையாட்டினாள். பூவிழி கையை இழுத்து விலக்கினாள். கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை.

"ஒண்ணு வுழுந்துருச்சு" என்றாள் தேவிப்பிரியா, அழுகை முட்டிக்கொண்டு. "இனிமே எனக்குத் தண்ணி கெடையாதா?"

முனிராஜ் அவளுடைய சொம்பை வாங்கி நிரப்பினார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வுழுந்த பல்லுக்கும் உண்டு" என்றார்.

கொள்கை திருத்தப்பட்டது. பால் பல்லெல்லாம் எப்போதோ விழுந்துவிட்டதால் தள்ளி நின்றிருந்த அக்கா கிட்டே வந்தாள். வாயை மூடியிருந்த கையை எடுக்காமல், மற்றக் கையால் சொம்பை நீட்டினாள்.