ஒரு சோறும் நூறு மூட்டையும்

ஆண்டர்சன்பேட்டை அரிசி மண்டியில் ராஜப்பா பேருக்குத்தான் மாதிரி பார்க்கிறவர். உள்ளபடி பெரிய தர்க்க சாஸ்திரி. ஆரணிப் பக்கமிருந்து தங்கச் சுரங்க வேலைக்கென்று வந்தவர், ஆளை உள்ளே இறக்கும் கேஜ் கூண்டில் முதல் நாள் இறங்கி ஏறியதோடு சரி. பூமிக்கு அடியில் உள்ள எந்த வேலையும் மனுஷனுக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மண்டியில் சேர்ந்துவிட்டார். ஒன்றைப் பார்த்து மற்றதை எல்லாம் அறிவதற்குத்தானே மாதிரி என்று பேர்?

குத்தூசியை மூட்டையில் செருகி, அதன் குழியில் வரும் அரிசியைக் கையில் கொட்டி, இரண்டு மணியைக் கடிப்பார். நூறு மூட்டை வந்தால் மூன்றைக் குத்துவார். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்பார். மண்டிக்காரர் சின்னசாமி முதலியாருக்கு அது வேதவாக்கு.

பக்கத்து ஊரிகத்துக்கு ரயில் வந்த புதிதில், ஓர் ஐப்பசியில் அப்படித்தான் ஆரணி வியாபாரி ஒருவர் அனுப்பிய நூறு மூட்டை தேறியது. அதில் ஒன்றை, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் ஷிப்டு ஆட்களுக்குச் சோறு போடும் தாயம்மா வாங்கிப் போனாள். மறுநாள் காலையில் முறத்தோடு வந்து நின்றாள். முறத்தில் அரிசி கட்டி கட்டியாகப் பூசணம் பூத்திருந்தது.

மற்றதும் இப்படியிருந்தால் குத்தூசியை வைத்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம் என்றார் முதலியார். ராஜப்பாவுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். ஆனாலும் சாஸ்திரத்துக்குத் துரோகம் செய்யலாமா? ஒன்று கெட்டால் நூறும் கெட்டதுதான் என்று ராஜப்பா தானே ஒப்புக்கொண்டு கைகட்டி நின்றார்.

தாயம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாண்ணே பேசுற? ஒரே ஒலையில வெந்த சோத்துக்குத்தான் ஒரு சோறு பதம். உன் நூறு மூட்டையும் ஒரே பானையிலயா வெந்துச்சு? குத்திப் பாரு."

முதலியார் குத்தூசியை எடுத்து நீட்டினார். ராஜப்பா குத்தத் தொடங்கினார். முதல் பத்துக்கு முருகனைக் கும்பிட்டார்; நாற்பதில் பெருமாளும் தேவைப்பட்டார்; எண்பதில் எதிர்த்தெரு மாதாவையும் விடவில்லை. தொண்ணூற்றொன்பதும் காய்ந்த, வெளுத்த, நல்ல அரிசி. கெட்ட ஒன்று ரயில் வண்டியின் கதவோரம் இருந்து மழைச்சாரல் வாங்கியது என்று மூட்டை இறக்கின கூலியாள் பிறகு சொன்னான்.

"போய் மோரு குடிடா. நாளைக்கு நேரத்தோட வா" என்றார் முதலியார். தாயம்மாவுக்கு வேறு மூட்டை போயிற்று.

கொப்புளம் கண்ட கையோடு ராஜப்பா ஒரு மூட்டைமேல் சாய்ந்து, வெகு நேரத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். பிறகு, ஆரணி வியாபாரிகள் அத்தனை பேரும் யோக்கியர்கள் என்று தீர்ப்புச் சொன்னார்.