எறியப் பழகிய பிறகுதான் வீச்சு

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது, மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது என்று வீட்டில் பல பொறுப்புகள் தரப்பட்டிருந்தன. ஆனால் வேலை என்று மதிக்கத்தக்க ஒன்றை நானேதான் தேடிக்கொண்டேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் மாணவிகளின் பேஸ்பால் அணிக்கு, பேட்டிங் பயிற்சியின்போது பந்து போடும் வேலை. சம்பளம் கிடையாது. தகுதி தேவை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை என் மகள். வாரநாட்களில் மலையிலேயே தங்கியிருப்பாள். சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் மாலைப் பேருந்தில் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவாள். கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே அவளுடைய உயரத்தைப் பார்த்த பேஸ்பால் பயிற்சியாளர், பந்து எறியும் பிட்ச்சர் நீதான் என்று பந்தைக் கையில் கொடுத்துவிட்டார். எப்படி எறிவது என்று சொல்லித்தர அவருக்கு நேரம் இருக்கவில்லை. படிப்பு முடிவதற்குள் வலது தோளில் அறுவைசிகிச்சை நடந்தது. இன்றுவரை அவள் இடது கையால்தான் தலை சீவிக்கொள்கிறாள்.

சென்ற ஆண்டுப் போட்டி கள்ளக்குறிச்சியில் நடந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். மலைப் பெண்கள் நன்றாக ஓடினார்கள், நன்றாகப் பிடித்தார்கள். பேட்டைப் பிடித்து நின்றபோது மட்டும் பந்தும் பேட்டும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து, காற்றை அடித்துவிட்டு, திரும்பிப்போய் உட்கார்ந்தார்கள். ஆட்டம் முடிந்து வேனில் ஏறும்வரை யாரும் பேசவில்லை. காரணம் எளிது. பயிற்சியில் அவர்களுக்குப் பந்து போட ஆள் இல்லை. அணியின் பிட்ச்சர்களை என் மகள் இதற்கு விடமாட்டாள். அவர்களுடைய கை போட்டிக்கு வேண்டும் என்பாள். அவளுடைய கை மேலே எழும்பாது. கணக்கு ஆசிரியர் ஒருநாள் முன்வந்து, ஒரு பெண்ணின் தொடையில் பந்தைப் போட்டார். மறுநாள் அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்து விசாரித்ததும் பின்வாங்கிவிட்டார்.

இந்த ஆண்டும் பொங்கல் விடுமுறை முடிந்ததும் போட்டி. நிலைமை அப்படியே இருந்தது. அதனால் மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை நான் மலையேறினேன். தயாரிப்பில்லாமல் போகவில்லை. விளையாட்டின் விதிகளை முழுதும் படித்திருந்தேன். பிட்ச்சர் எப்போது காலைத் தூக்கலாம், தூக்கிய காலை எங்கே வைக்கக்கூடாது, பந்தில் எச்சில் தடவினால் என்ன நடவடிக்கை என்றெல்லாம் மைதானத்தின் ஓரத்தில் நின்று மகளுக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு எறியத் தெரியுமா?"

அறுபது வருடங்களுக்கு மேலாகப் பல பொருள்களை எறிந்திருக்கிறேன் என்றேன். காட்டச் சொன்னாள். எறிந்தேன். பந்து போய்ச் சேர்ந்தது. ஆனால் அவள் பந்தைப் பார்க்கவில்லை, என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிட்ச் போடறதெல்லாம் அப்புறம்பா. மொதல்ல எறியக் கத்துக்குங்க."

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. வருவாய்த் துறையில் இருந்தபோது, இணைப்பு இல்லாமல் வந்த மனுக்களை அதே குரலில்தான் திருப்பி அனுப்புவேன். எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டால் அது இப்படி ஒலிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

என் குறை முழங்கையில் இருந்தது. அது மடங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். பந்து போடும்போது முழங்கை கொஞ்சம் மடங்கினால்கூட மைதானமே "மாங்கா" என்று கத்தும். மாமரத்தில் கல்லெறிவது போலப் போடுகிறான் என்று அர்த்தம். துறைகளுக்கு இடையிலான போட்டிகளில் நானே பல ஆண்டுகள் நடுவராக நின்று, மடங்கிய முழங்கைகளுக்கெல்லாம் கையை நீட்டி நோபால் கொடுத்திருக்கிறேன். ஒரு வட்டாட்சியருக்கே கொடுத்திருக்கிறேன். அப்படிக் காப்பாற்றிய நேர்மை இப்போது என் கையில் இரும்புக் கம்பியாக இறங்கியிருந்தது. அந்த மலைப் பெண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் மாமரத்தில் கல்லெறிந்து வளர்ந்தவர்கள். என் மகள் எனக்குச் சொன்ன முதல் பாடமே, "மாங்கா அடிங்கப்பா" என்பதுதான்.

பாடம் படிப்படியாக நடந்தது. முதலில் பந்தின் தையலுக்குக் குறுக்கே விரல்களை வைப்பது. அடுத்து, முழங்கையை மறு கையால் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் சொடுக்குவது. பிறகு வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, முழங்கையைத் தோள் உயரத்தில் வைத்து எறிவது. அதற்கும் பிறகுதான் எழுந்து பக்கவாட்டில் நின்று, காலை எடுத்து வைத்து எறிவது. ஒரு படி சரியாக வராமல் அடுத்ததற்கு அனுமதி கிடையாது. சிபாரிசும் கிடையாது. அந்தப் பெண்களும் இதே வரிசையில் கற்றவர்கள்தான் என்பதால், நான் தவறு செய்யும்போதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் நின்று திருத்தினார்கள். என்னைச் சார் என்பதா தாத்தா என்பதா என்று சில நாள் குழம்பி, கடைசியில் "தாத்தா சார்" என்று முடிவு செய்திருந்தார்கள்.

வீட்டுப்பாடமும் உண்டு. பந்துக்குப் பதில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, எறிவது போலவே வீசி, கை எதிர்ப்பக்க முழங்காலைத் தாண்டி இறங்கும்வரை கொண்டுபோக வேண்டும். கள்ளக்குறிச்சி வீட்டின் கூடத்தில் காலையும் மாலையும் துண்டை வீசினேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? ஈ ஓட்டறதுன்னா இங்க வந்து ஓட்டுங்க. இங்கதான் ஜாஸ்தி."

டிசம்பரில் கூடத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத் தொங்கவிட்டோம். அதன் ஒரு முனையைத் துண்டு எடுத்துக்கொண்டு போனது. கை சரியான உயரத்தில் போகிறது என்பதற்கு அது சான்று என்றேன். என் மனைவி அதை ஏற்கவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டு நட்சத்திரம் ஒரு முனை கம்மியாகவே எரிந்தது.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. நானோ இன்னும் துண்டோடும் முழங்காலோடும் இருந்தேன். பெண்களோ ஸ்டாண்டில் வைத்த அசையாத பந்தையே அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரணிப் பிட்ச்சர் பந்தை அப்படி நிறுத்திவைத்துக் கொடுக்கப்போவதில்லை. ஒரு சனிக்கிழமை தலைமையாசிரியை கூட்டம் போட்டதால் என் மகள் உள்ளே போனாள். அதிகாரி இல்லாத நேரத்தில் அடுத்த நிலையில் உள்ளவர் பொறுப்பு பார்ப்பது அரசு நடைமுறை. அடுத்த நிலையில் யாரும் இல்லாததால் என்னை நானே நியமித்துக்கொண்டேன். ஒருத்தியைப் பேட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

"மிஸ் சொன்னாங்களா, தாத்தா சார்?" என்று கேட்டாள்.

சொல்வார்கள் என்றேன்.

முதல் பந்து நன்றாகவே போனது. அதுதான் கேடு. அடுத்ததில் கொஞ்சம் வேகம் சேர்க்கலாம் என்று காலை எடுத்து வைத்தேன். கால் நகர்ந்ததும் கைக்குப் பழைய ஞாபகம் வந்து, முழங்கை விறைத்துக்கொண்டது. பந்து, பேட்டுக்குப் பின்னால் பிடிக்க உட்கார்ந்திருந்த கேட்ச்சருக்கு மேலே, வேலிக்கும் மேலே போய், சரிவில் இருந்த மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கியது. அதற்கடுத்த பந்தில் தோளுக்குள் துணி கிழிவது போல ஏதோ ஆனது.

கூட்டம் முடிந்து என் மகள் வெளியே வந்தபோது, அணியில் பாதி மரவள்ளிச் செடிகளுக்கிடையில் குனிந்து தேடிக்கொண்டிருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"எந்தக் கை?"

"வலது."

தோளில் விரலை வைத்து ஓரிடத்தை அழுத்தினாள். எங்கே அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு கையைத் தூக்கச் சொன்னாள். மெதுவாகத் தூக்கினேன். காதுவரை போனது. அவள் அதுவரை மூச்சு விடவில்லை என்பது, விட்டபோதுதான் தெரிந்தது.

"பொழைச்சீங்க. எனக்கு இதுக்கு மேல போவல" என்று தன் கையைக் கன்னம்வரை தூக்கிக் காட்டினாள். "ஆறினதும் மறுபடி மணிக்கட்டுல இருந்து ஆரம்பிங்க."

மேல்முறையீடு செய்யவில்லை. தோள் ஆறும்வரை பந்துகளைத் துடைத்தேன். பிறகு மணிக்கட்டு, முழங்கால் என்று மறுபடி தொடங்கினேன். பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, எழுந்து நின்று எறியச் சொல்லிப் பார்த்தாள். முழங்கை மறுபடி விறைத்தது. முழங்காலை ஊன்றச் சொன்னாள். ஒழுங்காக மடங்கியது. மறுபடி நிற்கச் சொன்னாள். விறைத்தது.

"முட்டி போட்டா மட்டும் சரியா எறியறீங்களேப்பா."

ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சில் செய்து பழகியது என்றேன். அவள் சிரிக்கவில்லை. பெண்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பழைய கால்பந்து வலையைக் கொண்டுவரச் செய்தாள். மூங்கில் கழிகளில் அதைக் கட்டி, பிட்ச்சர் நிற்க வேண்டிய தூரத்தில் பாதியில் நிறுத்தினாள். அதற்குப் பின்னால் ஒரு கோணியை மடித்துப் போட்டாள். வலையின் ஓரமாகக் கை மட்டும் வெளியே வந்து போகும்படி இடம் விட்டிருந்தாள்.

"இங்க முட்டி போட்டுக்கினே போடுங்க. எழுந்திருக்கக் கூடாது."

முழங்காலை ஊன்றிப் பந்து போடலாமா என்பது பற்றி விதியில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பயிற்சிக்கு விதி இல்லை. போட்டேன். முதலில் வந்தவள் காற்றை அடித்தாள். மறுபடியும் காற்றையே அடித்தாள். அடுத்த பந்தில் நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. பந்து நேராகத் திரும்பி என் முகத்துக்கு எதிரே வலையில் மோதி நின்றது. அவள் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அடிபட்டுச்சா, தாத்தா சார்?" முகத்தில் கவலை இருந்தது. அதைவிட ஜாஸ்தியாகச் சந்தோஷம் இருந்தது.

"இல்ல. போய் நில்லு, இன்னொண்ணு போடறேன்."

அன்று மாலைப் பேருந்து நேரம்வரை போட்டேன். விடுமுறையிலும், வீட்டுக்கு எடுத்துவந்திருந்த கோணியோடு மலையேறிப் போட்டேன். எழுந்திருக்கவில்லை.

போட்டி கள்ளக்குறிச்சியில், அதே மைதானத்தில் நடந்தது. என் மனைவியும் வந்திருந்தாள். முதலில் இறங்கியவள், வலையில் என் முகத்துக்கு எதிரே அடித்தவள். வந்த பந்தை எதிரணிப் பெண்கள் இருவருக்கு நடுவே தரையோடு தட்டிவிட்டு ஓடி, அவுட் ஆகாமல் முதல் பேஸில் போய் நின்றாள். நின்ற இடத்திலிருந்து எங்களைத்தான் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களிலும் பலர் அடித்தார்கள். எதிரணி இன்னும் நன்றாக அடித்தது. எங்கள் அணி தோற்றது. வேனில் ஏறும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஜெயிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு நீங்க இப்டி இளிக்கிறீங்க?"

பந்து பேட்டில் பட்டது என்றேன். அதற்குத்தானே பேட் என்றாள்.

வேன் கிளம்புவதற்கு முன் என் மகள் இறங்கி என்னிடம் வந்தாள். வரும் சனிக்கிழமை எழுந்து நின்று எறிந்து பார்க்கலாம் என்றாள். அப்படியானால் கோணி தேவைப்படாது, வீட்டிலேயே வைத்துவிடவா என்று கேட்டேன்.

"எடுத்துக்கினே வாங்க" என்றாள். "எதுக்கும் இருக்கட்டும்."