இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

போன வாரம் வீட்டுக்குப் புது வண்டி வந்தது. கியர் மாற்றவே வேண்டாத ஜாதி. முதல் நாளே நத்தம் ரோட்டில், பழக்கதோஷத்தில் இடது காலால் கிளட்சை ஓங்கி மிதித்தேன். கிளட்ச் இருந்தால்தானே? மிதிபட்டது பிரேக். வண்டி நடுரோட்டில் சடாரென்று நிற்க, பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் என் பரம்பரையையே இழுத்து வைத்து விசாரித்தார். பக்கத்தில் என் மகள் சிரிக்கிறாள். "அந்த எடது கால மடக்கி வச்சுக்கம்மா. இனி அதுக்கு வேல இல்ல."

வேலை இல்லையாம்! அந்தக் கால் பட்ட பாடு இவளுக்கு என்ன தெரியும்? உங்களுக்காவது சொல்கிறேன்.

சின்னாளபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்த புதிது. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பஸ் மாறி, கசங்கிய சேலையோடு முதல் பீரியடுக்குள் நுழைவது அலுத்துப்போய், மூன்று கை மாறிய ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினேன். எங்கள் தெருவில் கார் ஓட்டிய முதல் பொம்பளை நான்தான். பீற்றிக்கொள்கிறேன் என்பீர்கள், ஆமாம், பீற்றத்தான் செய்கிறேன். அப்பாவுக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை, ஆனால் அவருக்குத் தெரியாதது உலகத்தில் கிடையாது.

ஒரு வருஷம் ஒழுங்காக ஓடிய வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. கிளட்சை மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். ரிவர்ஸ் போட்டால் கர்ர்ரென்று கத்தும். ஒருநாள் பூ மார்க்கெட் முன்னால், முழுசாக மிதித்திருக்கும்போதே வண்டி தானாக ஊர்ந்து போய் ஒரு செவ்வந்திக் கூடையைச் சாய்த்துவிட்டது. பூக்கார அம்மா என்னிடம் பேசிய தமிழை வகுப்பில் நடத்த முடியாது.

"கிளட்ச் பிளேட்டு போச்சு பாப்பா," என்றார் அப்பா, ரொம்ப நாள் காத்திருந்தவர் போல. "பொம்பளைக கிளட்ச் மேலயே கால வச்சு ஓட்டுனா வேற என்ன ஆகும்?" தெருவே ஆமாம் போட்டது. சர்ச்சில் மணியடிக்கும் எங்கள் கோயில்பிள்ளைகூட வந்து பிளேட்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஓட்டுவது மொபெட்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மெக்கானிக்கும் பிளேட்டுன்னு சொல்லட்டும், வண்டிய வித்துட்டு பஸ்சுலயே போறேன். இல்லேன்னு சொன்னா இனிமே இந்த வண்டியப் பத்தி நீங்க வாயே தொறக்கக் கூடாது!" என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏனென்றால் கிளட்ச் மேல் கால் வைத்து ஓட்டியது என்னவோ உண்மைதான்.

பேகம்பூரில் ஒரு மெக்கானிக் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். தீர்ப்பைக் கேட்க அப்பாவும் சலவை வேட்டியில் கிளம்பி வந்தார்.

பாய் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு விழுந்தது. இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே மிதி மிதித்து ரிவர்ஸ் போட்டார், கர்ர். மளமளவென்று நாலு மிதி மிதித்துப் போட்டார், சத்தமே இல்லை.

"பிளேட்டு இல்ல டீச்சரம்மா. பிளேட்டு தேஞ்சா இன்ஜின் கத்தும், வண்டி போகாது. உங்க வண்டி மிதிச்சாலும் நிக்க மாட்டேங்குதே. இது எண்ணெயில உள்ள கோளாறு."

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. ஜெயித்த மிதப்பில் அப்பாவைப் பார்த்தேன். அவர் எதிரே இருந்த டயர் கடையின் போர்டை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பெடலை மிதித்தால் ஒரு குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்தான் அந்த அழுத்தத்தைக் கிளட்ச் வரைக்கும் கொண்டுபோகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாய் பானெட்டைத் திறந்து அந்த எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகினார். மூடிக்குள் இருந்த ரப்பர் ஆப்பம் மாதிரி உப்பிக் கிடந்தது. டப்பாவை மோந்து பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை மோந்தார்.

"யா அல்லா! இதுல தேங்காண்ணெய ஊத்துனது யாரு? ரப்பர் அம்புட்டும் ஊதிப்போயி கீழ ஒழுகுதே!"

நானும் மோந்தேன். தேங்காய் எண்ணெய், கூடவே சாம்பிராணி. எங்கள் வீட்டில் அந்த வாசனை ஒரே இடத்தில்தான் உண்டு. சர்ச் திருவிழாவில் மந்திரித்து வாங்கி அப்பா அலமாரியில் வைத்திருக்கும் எண்ணெய் பாட்டில். தலைவலி என்றால் நெற்றியில், வயிற்றுவலி என்றால் தொப்புளில், பரீட்சை என்றால் உச்சந்தலையில். இப்போது கிளட்சில்.

"நாந்தான்," என்றார் அப்பா, டயர் கடையைப் பார்த்தபடியே. "எரியோட்டு ரோட்டுல லாரிக்காரன் ஒரசுற மாதிரி போனான்னு சொன்னேல்ல? அதக் கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. பூசை முடிஞ்சு வந்து ஊத்துனேன். பெரிய டப்பா நெறஞ்சு இருந்துச்சு. சின்னதுலதான் கொஞ்சம் எடம் இருந்துச்சு."

பெரிய டப்பா பிரேக்குக்கு. அதில் ஊற்றாமல் விட்டாரே, அந்த எண்ணெய் எனக்குச் செய்த ஒரே அற்புதம் அதுதான். நாலு கேள்வி நறுக்கென்று கேட்க நினைத்தேன். ஆனால் ஓட்டாதே ஓட்டாதே என்று ஒரு வருஷம் கரித்துக்கொட்டிய மனுஷன் எனக்குத் தெரியாமல் இதைச் செய்திருக்கிறாரே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரப்பர்களை மாற்றிப் புது எண்ணெய் ஊற்றிய பிறகு குழாயில் இருந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருத்தர் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். நான் அப்பாவைக் கை காட்டினேன். மறுபேச்சு இல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக டிரைவர் சீட்டில் ஏறினார்.

"மிதிங்க சார்... பிடிங்க... விடுங்க," என்று வண்டிக்கு அடியிலிருந்து பாயின் குரல்.

"செத்த நேரம் நிறுத்திக்கிரட்டுமா பாய்?"

"நிறுத்தாதீங்க சார், காத்து ஏறிரும்!"

நான் ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "கிளட்ச் மேலயே கால வச்சுக்கிட்டு உக்காராதீங்கப்பா," என்றேன். அதற்கு மட்டும் முறைத்தார். ஆனால் வாய் திறக்கவில்லை, பேச்சென்றால் பேச்சு.

அந்த வண்டி எப்போதோ போய்ச் சேர்ந்தது. அப்பாவும் போய்விட்டார். நேற்று புது வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் கறுப்புப் பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்ன டப்பாவே இல்லை. அவர் இருந்திருந்தால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்திருப்பார்.

அலமாரியில் அந்த பாட்டில் இன்னும் இருக்கிறது, அடியில் இரண்டு விரல் அளவு எண்ணெயோடு. வண்டியில் ஊற்ற இடம் இல்லை. இத்தனை வருஷம் கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி வேறு வலிக்கிறது. கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி அதில் தேய்த்துவிட்டேன்.